குலவை பிறந்த பள்ளவயல்

அந்தக் காலத்தில் யானைக்கும் மனிதருக்கும் பேச்சு ஒன்றுதான். கொக்கு கேட்டால் நண்டு பதில் சொல்லும். எருமை திட்டினால் தவளைக்கு ரோஷம் வரும். ஒருவர் பேசுவது இன்னொருவருக்கு நன்றாகவே புரிந்ததால் சண்டைக்கும் குறைவில்லை. அதிலும் தண்ணீருக்காக நடந்த சண்டைதான் அதிகம். அடித்துக்கொண்டு அலுத்துப்போய், எல்லா உயிரும் கூடி ஒரு சட்டம் போட்டன.

ஈரமான இடத்தில் ஏற்கெனவே நிற்பவர், புதிதாக வந்து இறங்குபவரை ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். "யாரது?" என்பதுதான் அந்தக் கேள்வி. பதில் எதுவாகவும் இருக்கலாம், குரல் மட்டும் நடுங்கக் கூடாது. நடுங்காமல் பதில் சொன்னால் இடம் வந்தவருக்கு. நடுங்கினால் வந்தவர் ஓட வேண்டும், ஓடுகிறவரை விரட்டுவது இருந்தவரின் உரிமை. ஒரு நாளைக்கு ஒரு கேள்விதான்.

நல்ல சட்டம்தான், யானை பக்கத்தில் இல்லாதவரைக்கும். எருமைக்குப் பயப்படவே தெரியாது, அதனால் குட்டைகளெல்லாம் அதற்குப் போயின. தவளை கண்ணை மூடிக்கொண்டு கத்தி, வாய்க்கால் ஓரங்களை வாங்கிக்கொண்டது. மனிதருக்குத்தான் தொண்டை சரியில்லை. மேட்டில் நின்று பேசும்போது மணிமணியாக வரும் பேச்சு, காலில் ஈரம் பட்டதும் காணாமல் போய்விடும்.

நாணற்கண்மாய் என்று ஓர் ஊர் இருந்தது. ஊர்த் தலைவரை அம்பலம் என்பார்கள். அந்த ஊர் அம்பலத்தின் பெயர் சேவுகன். அவன் பெண்டாட்டி அடைக்கி. அடைக்கிக்குப் பயம் என்பதே கிடையாது என்று ஊர் முடிவு கட்டி வைத்திருந்தது. அவள் பேச ஆரம்பித்தால் மூன்றாவது தெருவில் கோழி எழுந்து நிற்கும். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த ஊரிலேயே பெரிய பயந்தாங்கொள்ளி அடைக்கிதான். இடி இடித்தால் போர்வைக்குள் சுருண்டுகொள்வாள். வாய் சத்தமாக இருந்தால் நெஞ்சு அடிப்பது வெளியே கேட்காது என்று சின்ன வயதிலேயே கண்டுபிடித்துவிட்டாள், அவ்வளவுதான்.

இரண்டு வருடம் மழை பெய்யவில்லை. கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஊர் அதன் அடியைத் தோண்டிக் கொட்டிக்கிழங்கு தின்று உயிர் வாழ்ந்தது. அடைக்கியின் வீட்டில் ஒரு குலுக்கை இருந்தது. மண்ணால் செய்த, ஆள் உயரக் குலுக்கை. ஊர் மொத்தத்துக்கும் மிஞ்சிய விதைநெல் அதற்குள் இருந்தது. குலுக்கையின் வாயைச் சாணி வைத்து மெழுகி, அதன் முன்னால் பாய் போட்டுப் படுத்துக்கொண்டாள் அடைக்கி. ஒரு படி கொடு, பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்ச வேண்டும் என்று ஊர்ப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். எல்லாருக்கும் அவள் சொன்னது ஒரே பதில்.

"இது சோறு இல்லத்தா, விதை. தொட்டா கையை முறிச்சிருவேன்."

வந்தவர்கள் திட்டிக்கொண்டே போனார்கள். அவளுடைய சொந்த மகளும் பசியில் அந்தக் குலுக்கையை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். சுரண்டிய கோடுகள் மண்ணில் அப்படியே இருந்தன. அடைக்கி அந்தக் கோடுகளை மெழுகி மறைக்கவில்லை. ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் பட்டினி போட்டவள் என்ற பெயரோடு, மழைக்காகக் காத்திருந்தாள்.

மூன்றாம் வருடம் ஐப்பசியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. கண்மாய் நிறைந்தது, மடை திறக்காமலேயே, ஊர் நடவு நடுகிற பள்ளவயலில் தண்ணீர் ஏறி நின்றது. கிணற்றடி மேட்டில் நாற்றங்கால் போட்டு, விதை மொத்தத்தையும் பாவினார்கள். குலுக்கை காலியானது. நாற்று பச்சைப் பசேலென்று வந்தபோது அடைக்கிக்கு இரண்டு வருடத்துக்குப் பிறகு தூக்கம் வந்தது.

அந்தச் சமயம் பார்த்து மேற்கு மலையிலிருந்து யானைகள் இறங்கின. மொத்தம் பத்தொன்பது. வறட்சியில் அவையும் காய்ந்துபோய்க் கிடந்தவைதான். பள்ளவயல் சேற்றைப் பார்த்ததும் இறங்கிப் புரண்டன, மிதித்தன, அங்கேயே தங்கிவிட்டன. கூட்டத்துக்குத் தலைமை ஒரு வயதான பெண் யானை. பெரிய பிடி என்று எல்லாரும் சொல்வார்கள். அதன் காது மடலின் ஓரம் கிழிந்து தொங்கும். எறும்பு பயந்தால்கூட அந்தக் காதுக்குக் கேட்டுவிடும் என்று பேச்சு. வறட்சிக்கு முந்தின மாரியில் பக்கத்து ஊர் அண்ணன் தம்பி இரண்டு பேர் அதனிடம் பதில் சொல்லப் போய், ஒருவன் நொண்டிக்கொண்டு திரும்பினான், மற்றவன் திரும்பவில்லை.

சேவுகன் அதற்கெல்லாம் அசரவில்லை, அல்லது அசராத மாதிரி இருந்தான். பதிலை ஒன்பது நாள் பழகினான். வேப்பமரத்தின் முன்னால் போய் நின்று, நெஞ்சை நிமிர்த்தி, "நாங்கதான். இது எங்க வயலு" என்று சொல்லிப் பார்ப்பான். மரம் ஒதுங்கவில்லையே தவிர, குரல் பிரமாதமாகத்தான் இருந்தது. அந்த நம்பிக்கையில் ஒரு தப்புச் செய்தான். விவசாயம் செய்கிற ஊரில் மட்டுமே நடக்கிற தப்பு அது. பதில் சொல்லப் போவதற்கு முதல் நாளே நாற்றைப் பறிக்கச் சொல்லிவிட்டான். நான் சொல்வேன், யானை ஒதுங்கும், உடனே இறங்கி நட வேண்டியதுதான் என்றான்.

முதலில் பதில் சொல்லிவிட்டு வாருங்கள், அப்புறம் பறிக்கலாம் என்று அடைக்கி சொல்லிப் பார்த்தாள். பறித்த நாற்று இரண்டு நாள் தாங்கும், மூன்றாம் நாள் வேர் அழுகும் என்பது அவனுக்குத் தெரியாததில்லை. ஆனால் அவன் ஊர் கேட்கும்படி, அப்படியென்றால் என் குரல் மேல் உனக்கு நம்பிக்கை இல்லையா என்று கேட்டுவிட்டான். ஊர் முன்னால் புருஷனுக்கு அந்தப் பதிலைச் சொல்ல அடைக்கிக்கு மனம் வரவில்லை. போய்ப் பறித்தாள். நாற்றங்கால் முழுவதும் பொழுது சாய்வதற்குள் முடி முடியாக, கைக்கு அடங்கும் கட்டுகளாகக் கட்டிக் கிடந்தது.

மறுநாள் காலையில் சேவுகன் தலைப்பாகை கட்டிக்கொண்டு பள்ளவயலில் கால் வைத்தான். ஊரே கரையில் நின்றது. பெரிய பிடி மெதுவாகத் திரும்பி, யாரது என்று கேட்டது. சேவுகனுக்கு "நாங்" என்பது சேற்றில் நிற்கும்போது வந்தது. "கதான்" என்பது கரை ஏறி, ஊருக்குள் பாதி தூரம் வந்த பிறகு வந்தது. தலைப்பாகையை ஒரு குட்டியானை எடுத்து விளையாடிக்கொண்டிருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையில் யாரும் இல்லை. நாற்றுமுடிகளைக் கிணற்றடித் தொட்டியில் நனைத்து வைத்தார்கள். சாயங்காலத்துக்குள் நுனி மஞ்சளாக ஆரம்பித்துவிட்டது. இனி ஒரே ஒரு காலைதான் பாக்கி. அது தவறினால் விதையும் கிடையாது, நாற்றும் கிடையாது, ஊரைக் காலி செய்ய வேண்டியதுதான். ஆண்கள் வேப்பமரத்தடியில் கூடி, நாளைக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டார்கள். கேட்டுவிட்டு எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நானே மறுபடி போகிறேன் என்று சேவுகன் எழுந்தான். நல்ல மனுஷன்தான், ஆனால் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

அடைக்கி தொட்டிப் பக்கம் போய் ஒரு முடியைத் தூக்கிப் பார்த்தாள். வாடிய நாற்றைப் பார்த்தபோது குலுக்கையில் இருந்த நகக்கோடுகள்தான் அவளுக்கு நினைவில் வந்தன. இதைக் காப்பாற்றத்தானே ஊர்ப் பிள்ளைகளை அழ விட்டேன் என்று நெஞ்சு அடைத்தது. அப்படி நெஞ்சு அடைக்கும்போதெல்லாம் அவள் செய்கிற காரியம் ஒன்றே ஒன்று. குரலை உயர்த்தினாள்.

"நடப்போறது யாரு, நாங்கதானே? அப்ப யானை எங்களைக் கேக்கட்டும். விடிஞ்சதும் ஆளுக்கு ரெண்டு முடியைத் தூக்கிட்டு வாங்கத்தா."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவளுக்கே உறைத்தது.

விடிந்தது. பதின்மூன்று பெண்கள் வந்தார்கள், அடைக்கியோடு பதினாலு. கஞ்சிக்கு நெல் கேட்டுத் திட்டிவிட்டுப் போனவர்கள்தான் அத்தனை பேரும். கொழுந்தன் பெண்டாட்டி வெள்ளச்சி வந்தாள். பேச்சில் யாரிடமும் தோற்காத கருப்பாயி வந்தாள். எல்லாருக்கும் மூத்தவளான சாத்தாயி, முழங்கால் வலியோடு வந்தாள். நீ இருக்கிற தைரியத்தில்தான் வந்தோம் என்று எல்லாரும் சொன்னார்கள். அடைக்கி தலையை ஆட்டினாள். என் தைரியம் எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாதே என்று அவர்களிடம் சொல்ல முடியுமா? ஒருத்தி திரும்பினால் பதின்மூன்று பேரும் ஓடுவார்கள். நாற்றுமுடியைச் சுமந்துகொண்டு சேற்றில் ஓடுகிறவளை யானை நாலே எட்டில் பிடித்துவிடும்.

சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு அடைக்கி முதலில் இறங்கினாள். யானைகள் மிதித்த சேறு பிசைந்த மாவாக இருந்தது. இப்படி ஓர் உழவு எந்த ஏரும் உழாது என்று அந்த நேரத்திலும் அவளுடைய விவசாய மூளை நினைத்தது. பின்னால் பெண்கள் ஒவ்வொருவராக இறங்குகிற சத்தம் கேட்டது. முன்னால் பத்தொன்பது முதுகுகள் திரும்பின. பெரிய பிடி நடந்து வந்தது. அது வந்து நின்றபோது அடைக்கியின் முகத்தில் நிழல் விழுந்தது.

"யாரது, என் சேத்துல?"

கேள்வி காதில் விழுவதற்கு முன்னால் தண்ணீர் வழியாகக் காலில் ஏறியது. அடைக்கி வாயைத் திறந்தாள். பதில் தயாராகத்தான் இருந்தது. ஆனால் நாக்கு நிற்கவில்லை. இந்தக் கடைவாய்க்கும் அந்தக் கடைவாய்க்கும் அடித்துக்கொண்டு கிடந்தது. அதைப் பல்லால் கடித்து நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை. பேசினால் நடுக்கம் தெரிந்துவிடும். பேசாமல் நின்றாலும் தெரிந்துவிடும். பெரிய பிடியின் கிழிந்த காது முன்னால் விரிந்தது.

பின்னால் யாரோ ஒருத்தி அழுகைக்கு மூச்சு இழுப்பது அடைக்கிக்குக் கேட்டது. இனி யோசிக்க நேரமில்லை. ஆடினால் ஆடட்டும் என்று நாக்கை அதன் போக்கில் விட்டாள். வயிற்றில் இருந்த காற்று மொத்தத்தையும் எடுத்து, அந்த ஆடுகிற நாக்கின் மேல் ஓங்கி விட்டாள்.

ஒரு சத்தம் கிளம்பியது. அப்படி ஒரு சத்தத்தை அதுவரை உலகத்தில் யாரும் கேட்டதில்லை. மேலே ஏறி, அலை அலையாக உருண்டு, கண்மாயின் அக்கரையில் இடித்துத் திரும்பி வந்தது. திரும்பி வந்ததைக் கேட்டு அடைக்கியே அசந்து போனாள். ஒரு குரலில் ஒரு பிசிறு நடுங்கினால் பயம் என்று தெரியும். குரல் முழுவதும் நடுக்கமாகவே இருந்தால் அதை யார் என்னவென்று சொல்வது?

பின்னால் நின்றவர்கள், இது அடைக்கி ஏற்கெனவே போட்டு வைத்த திட்டம் என்று நினைத்துக்கொண்டார்கள். அவர்களும் வாயைத் திறந்தார்கள். யாரும் யாருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பதினாலு நாக்கும் சேர்ந்து எழுப்பிய சத்தத்தில் கரை மரங்களில் இருந்த கொக்குகள் எல்லாம் கிளம்பின. குட்டியானைகள் தாய்களின் வயிற்றுக்கு அடியில் புகுந்தன.

பெரிய பிடி அசையவில்லை. "பயந்த குரல் கேட்டிருக்கேன், பயப்படாத குரலும் கேட்டிருக்கேன். இது எந்தக் குரல்?" என்றது.

அடைக்கி இரண்டாம் தடவையும், மூன்றாம் தடவையும் அந்தச் சத்தத்தை எழுப்பினாள். மூன்றாவது முடிந்தபோது ஓர் அதிசயம் நடந்தது. நாக்கு நின்றுவிட்டது. நாக்கில் இருந்த நடுக்கமெல்லாம் சத்தமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. அவள் மூச்சை இழுத்துக்கொண்டு, வீட்டு வாசலில் நின்று பேசுகிற சாதாரணக் குரலில் பதில் சொன்னாள்.

"நடவுக்காரிக வந்திருக்கோம். இது நடவு நடுற சந்தோசம். நாத்து வாடுது, கொஞ்சம் ஒதுங்கிக்க ஆத்தா."

குரலில் ஒரு பிசிறு இல்லை. சட்டப்படி இடம் கை மாறியது. பத்தொன்பது யானைகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கரை ஏறிக் கண்மாயின் மறுபக்கத்துக்கு நடந்தன. பெரிய பிடி கடைசியாகப் போனது. போகும்போது அடைக்கியின் பக்கத்தில் ஒரு கணம் நின்று தலையைத் தாழ்த்தியது. அவளுடைய முழங்காலைச் சுற்றித் தண்ணீர் இன்னும் வட்டம் வட்டமாக அலையடித்துக்கொண்டிருந்தது. காற்று வீசாத காலை அது. யானையின் சின்னக் கண் அந்த அலையைப் பார்த்தது.

அதற்குப் பிறகு அது பேசியது அடைக்கிக்கு மட்டுந்தான் கேட்டது. "சட்டம் குரலைத்தானே கேக்குது, காலைக் கேக்கலையே. எனக்கும் பிள்ளைக இருக்கு. நட்டுக்க போ."

நடவு தொடங்கியது. குனிந்த தலை நிமிராமல் நட்டார்கள். முதல் வரிசை முடிவதற்குள் வெள்ளச்சி நகர்ந்து நகர்ந்து அடைக்கியின் பக்கத்தில் வந்தாள். குரலைத் தாழ்த்தி, "மதினி, நீங்க எப்படிப் பண்ணுனீகளோ தெரியாது. எனக்குப் பயத்துல நாக்கு நிக்கல. அதுதான் அப்படி வந்துச்சு. யாருகிட்டயும் சொல்லிராதீக" என்றாள். சொல்லமாட்டேன் என்று அடைக்கி நாற்றைச் சேற்றில் அழுத்தினாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கமிருந்து கருப்பாயி வந்தாள். அவளும் அதே சங்கதியைச் சொல்லி, வெள்ளச்சிக்கு மட்டும் தெரிய வேண்டாம் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு போனாள். மதியத்துக்குள் ஏழு பேர் வந்து போனார்கள். ஒவ்வொருத்தியும் தான் ஒருத்திதான் பயந்தவள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். மற்றவர்களுக்கு இருக்கிற நெஞ்சுரம் எனக்கு இல்லையே என்று இரண்டு பேர் அழவே செய்தார்கள்.

கடைசி முடியைப் பிரிக்கும்போது பதின்மூன்றாவதாகச் சாத்தாயி வந்தாள். இத்தனை வயசுக்கு மேல் எனக்கு இப்படி ஒரு கேவலம் வந்ததே என்று ஆரம்பித்தாள். அடைக்கியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து நின்றாள்.

"ஏத்தா, எல்லாரும் கேளுங்க. எனக்கும் அதேதான்."

ஒருத்தி மற்றவள் முகத்தைப் பார்த்தாள். அந்த மற்றவள் அடுத்தவள் முகத்தைப் பார்த்தாள். முதலில் சாத்தாயிதான் சிரித்தாள். அப்புறம் பதினாலு பேரும் சேற்றிலேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். பயப்படாதவர்கள் ஒரு யானையை ஒதுக்குவது என்ன பெரிய காரியம்? பயந்துகொண்டே நின்று பத்தொன்பது யானைகளை ஒதுக்கியிருக்கிறோம் என்று அவர்களுக்கு அப்போதுதான் புரிந்தது. அன்று அவர்கள் சேற்றில் உட்கார்ந்திருந்த மிடுக்கு எந்த ராணிக்கும் வராது.

என்ன சிரிப்பு என்று கரையிலிருந்து ஆண்கள் கேட்டார்கள். சந்தோசம் என்று பதினாலு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்தச் சத்தத்தை எனக்கும் சொல்லிக்கொடு என்று சேவுகன் அன்று சாயங்காலம் அடைக்கியிடம் கேட்டான். அவளும் முயன்று பார்க்கச் சொன்னாள். பாவம், கரையில் பத்திரமாக நின்றுகொண்டு எவ்வளவு ஊதினாலும் அவனுக்கு வெறும் காற்றுதான் வந்தது. உங்கள் நாக்கு ரொம்ப உறுதியானது என்று அடைக்கி அவனைப் பெருமையாகச் சொன்னாள். அவனும் சந்தோஷமாக ஒத்துக்கொண்டான்.

தையில் பள்ளவயல் விளைந்தது. முதல் அறுப்பு நெல்லில் அடைக்கியின் மகள் வயிறாரச் சோறு தின்றாள். மீதி குலுக்கையில் ஏறியது. நகக்கோடுகளை மட்டும் அடைக்கி கடைசிவரை மெழுகவே இல்லை.

காலம் போகப் போக விலங்குகளின் பேச்சு வேறு, மனிதரின் பேச்சு வேறு என்று பிரிந்துவிட்டது. இன்று யானை யாரது என்று கேட்டால் நமக்குப் புரியாது, நாம் சொல்கிற பதில் அதற்கும் புரியாது. ஆனால் அடைக்கியின் சத்தத்தில் வார்த்தையே கிடையாது என்பதால் அது அழியாமல் நின்றது. பின்னால் வந்தவர்கள் அதற்குக் குலவை என்று பெயர் வைத்தார்கள். மகளை வேறு வீட்டுக்கு அனுப்பும்போதும், பானை பொங்குமோ பொங்காதோ என்று அடுப்பின் முன்னால் நிற்கும்போதும் பெண்களுக்கு அதுதான் கை கொடுத்தது.

நாற்று நடுகிற பெண்கள் முதல் முடியைப் பிரிக்கும் முன் குலவையிடுகிற வழக்கம் அந்தப் பள்ளவயலில் தொடங்கியதுதான். கேட்கிறவர்கள் என்ன சந்தோஷம் பார் என்கிறார்கள். குலவையிடுகிறவள் மட்டும், தன்னைப்போலவே நாக்கு நடுங்க நிற்கிற பக்கத்துப் பெண்ணை ஓரக்கண்ணால் ஒரு தடவை பார்த்துக்கொண்டு, சேற்றில் கால் வைக்கிறாள்.